டிவியின் முகத்தில் இருப்பது கண்ணாடி அல்ல

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பெங்களூரில் வீட்டுக்கு வீடு ஒரே வேலைதான். வாசலில் பைக்கைக் கழுவுவார்கள், சமையலறையில் மிக்சியையும் கிரைண்டரையும் துடைப்பார்கள், கூடத்தில் டிவி, கம்ப்யூட்டர். அல்சூரில் எங்கள் தெருவில் தமிழ் வீடு, கன்னட வீடு என்ற வித்தியாசம் அன்றைக்குத் தெரியாது. இரண்டு பேருக்குமே அது பெரிய பண்டிகை. சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு நாளில்தான் எங்கள் வீட்டு டிவியை நான் கெடுத்தேன். ஜன்னல் கண்ணாடி துடைக்க வைத்திருந்த நீல ஸ்ப்ரேயைத் திரைமேலேயே அடித்து, பழைய துண்டால் அழுத்தித் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. கீழ் மூலையில் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் கதம்பம் சார்த்தி, கற்பூரம் காட்டினோம். மறுநாள் மாலை திரையின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு விழுந்திருந்தது. வாரம் முடிவதற்குள் வலது பக்கம் முழுதும் இருட்டிவிட்டது.

எஸ்.பி. ரோட்டுப் பக்கம் டிவி ரிப்பேர் பார்க்கும் ஒருவர் வந்தார். வேலூர்க்காரர். பின்பக்கத்தைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டார்: “ஸ்ப்ரே அடிச்சீங்களாக்கா?” ஆமாம் என்றேன். “கண்ணாடின்னு நினைச்சுத்தான் எல்லாரும் அடிக்கிறாங்க. முன்னாடி இருக்கிறது கண்ணாடியே இல்ல. தண்ணி கீழ இறங்கிடுச்சு. பேனல் மாத்தணும், அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாம்.” பண்டிகை முடிந்த வாரத்தில் இதே மாதிரி நாலைந்து டிவியாவது தன்னிடம் வரும் என்றும் சொன்னார்.

கண்ணாடியே இல்லை என்று அவர் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. அப்படியானால் நாம் தினமும் பார்ப்பது எதை? அதைத் தேடிப் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. வீட்டில் திரைகள் பாழாவது பெரும்பாலும் அழுக்கால் அல்ல, அழுக்கை எடுக்கிற அவசரத்தால். திரை எதனால் ஆனது என்று தெரிந்துவிட்டால், எப்படித் துடைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் கைப்பழக்கம் பழைய டிவியிலிருந்து வந்தது. டப்பா டிவி என்று இப்போது சொல்கிறோமே, அதன் முன்பக்கம் உண்மையிலேயே கனமான கண்ணாடி. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்த குழாய். வெளிக் காற்றின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதால் அந்தக் கண்ணாடியைத் தடிமனாகச் செய்தார்கள். கலர் டிவிக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடியது. அணைத்த உடனே கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் முடி சிலிர்க்கும், சடசடவென்று சத்தம் கேட்கும். அந்த நிலைமின்சாரம்தான் தூசியை இழுத்து ஒட்டவைத்தது. ஈரத்துணியோ, நனைத்துப் பிழிந்த செய்தித்தாளோ, எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது தாங்கியது. அந்தப் பழக்கம் நம்மிடம் அப்படியே தங்கிவிட்டது. திரை மட்டும் மாறிவிட்டது.

இன்றைய எல்.சி.டி. டிவியை (கடையில் எல்.இ.டி. டிவி என்று விற்பதும் எல்.சி.டி.தான், பின்னால் வெளிச்சம் தருவது மட்டும் எல்.இ.டி.) முன்னாலிருந்து பின்னால் பிரித்துப் பார்த்தால், முதலில் கையில் படுவது ஒரு பிளாஸ்டிக் படலம். போலரைசர் என்று பெயர். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கும் வடிகட்டி அது. இது இல்லாவிட்டால் டிவியில் படமே தெரியாது, வெறும் வெள்ளை வெளிச்சம்தான். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போனைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். பல போன்களில் ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அந்தப் படலம் செய்யும் வேலையை அப்போது கண்ணால் பார்க்கலாம்.

அதைச் செய்யும் விதமும் சுவாரசியமானது. பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக் தாளை நன்றாக இழுத்து நீட்டி, அதில் அயோடினை ஏற்றுகிறார்கள். புண்ணுக்குப் போடும் மருந்தில் இருக்கும் அதே அயோடின். போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கிய எட்வின் லேண்ட் 1938-ல் கண்டுபிடித்த முறை இது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாலிவினைல் ஆல்கஹால் தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக். அதனால் அதன் இரு பக்கமும் செல்லுலோசிலிருந்து செய்த மெல்லிய பாதுகாப்புத் தாள்களை ஒட்டி, நடுவில் வைத்து மூடிவிடுகிறார்கள். எல்லாம் சேர்ந்தாலும் கால் மில்லிமீட்டர் தடிமன்கூட வராது. மேல் தாளின் மீது பளபளப்பைக் குறைக்கும் பூச்சு, கீறல் தாங்கும் பூச்சு என்று இன்னும் மெல்லிய அடுக்குகள். இவ்வளவுக்கும் பின்னால்தான் கண்ணாடி வருகிறது. அதுவும் மெல்லியது. அந்தக் கண்ணாடிக்கும் அடுத்த கண்ணாடிக்கும் நடுவே திரவப் படிகம் (எல்.சி.டி.யில் படத்தை உருவாக்கும் பொருள்) நிற்கும் இடைவெளி ஒரு தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விரலால் அழுத்தினால் திரையில் அலை ஓடுவது அந்த இடைவெளி நசுங்குவதால்தான்.

அந்தக் கீறல் தாங்கும் பூச்சு எவ்வளவு தாங்கும் என்று அளக்கப் பேனல் செய்பவர்கள் பென்சிலைத்தான் பயன்படுத்துகிறார்கள். கடினம் கூடக்கூட எச், 2எச், 3எச் என்று பென்சில்கள் உண்டல்லவா? அவற்றால் கீறிப் பார்த்து, எதுவரை கீறல் விழவில்லை என்று குறிக்கிறார்கள். டிவி பேனல்களின் விவரப் பட்டியலில் 2எச், 3எச் என்று இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளை வரைபடம் போட வைத்திருக்கும் பென்சில், அவ்வளவுதான் அதன் எல்லை.

சரி, அதன்மேல் பெங்களூரில் என்ன வந்து விழுகிறது? லால்பாக் பூங்காவுக்குப் போனவர்கள் அங்கே இருக்கும் பாறைமேல் ஏறியிருப்பார்கள். உச்சியில் கெம்பே கவுடா கோபுரம் நிற்கும். தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பாறை. சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையானது என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த ஊரே அந்த மாதிரிப் பாறையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் நிறைந்த பாறை. ஆற்று மணல் கிடைக்காமல் போனதிலிருந்து, சுற்றியுள்ள குவாரிகளில் இந்த வகைப் பாறையை உடைத்து நொறுக்கித்தான் எம்-சாண்ட் செய்கிறார்கள். தெருவுக்கு ஒரு கட்டடம், பக்கத்திலேயே மெட்ரோ வேலை. ஜன்னலைத் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் டிவி ஸ்டாண்டில் பெயர் எழுதலாம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. சாதாரணக் கண்ணாடி ஐந்தரை. பிளாஸ்டிக் அதற்கும் எவ்வளவோ கீழே. ஆக, துணியை எடுத்து நேரே அழுத்தித் தேய்க்கும்போது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமமான வேலையைச் செய்கிறோம். துணி எவ்வளவு மிருதுவாக இருந்தாலும் நடுவில் சிக்கிய தூசி மிருது இல்லை.

திருநீறும் அப்படித்தான். முன்னெல்லாம் பாத்திரம் தேய்க்க அடுப்புச் சாம்பலை ஏன் எடுத்தார்கள்? சாம்பலில் காரமும் இருக்கிறது, நறநறவென்ற சிலிக்காவும் இருக்கிறது. வைக்கோல் தின்ற மாட்டின் சாணத்தை எரித்து வரும் சாம்பலில் அது நன்றாகவே இருக்கும். திருநீறு பூசிய விரலோடு போனைத் தொட்டு, அப்படியே வேட்டி நுனியில் தேய்த்துத் துடைப்பதை என் அப்பாவிடம் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அவருடைய போன் திரை வெயிலில் பிடித்தால் சிலந்தி வலை போலத் தெரியும்.

இதனால்தான் முதல் வேலை எப்போதும் தூசியை எடுப்பது. தேய்த்து அல்ல. மிருதுவான துணியை லேசாகத் தொட்டும் தொடாமலும் மேலிருந்து கீழே இழுத்துவர வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதிய மடிப்பைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கேமரா துடைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் குமிழ் இருந்தால் அதால் ஊதிவிடலாம். வாயால் ஊதினால் எச்சில் தெறித்து, அதுவே ஒரு கறையாகும். டிவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, திரை ஆறிய பின்பு செய்ய வேண்டும். மின்சாரம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. சூடாக இருக்கும் திரையில் ஈரம் சட்டென்று காய்ந்து வரிவரியாகத் தங்கிவிடும். கறுத்த திரையில்தான் தூசியும் தெளிவாகத் தெரியும். போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், எங்கே என்ன ஒட்டியிருக்கிறது என்று அப்படியே தெரிந்துவிடும். பல நாள் தூசிக்கு இதோடு வேலை முடிந்துவிடும். ஈரமே தேவைப்படாது.

முடியாதது எண்ணெய்ப் பிசுக்கு. இப்போதைய அடுக்ககங்களில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. கடுகு தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை நேரே டிவிக்குப் போகிறது. அதோடு ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரக் கரி. எல்லாம் சேர்ந்து திரையில் மெல்லிய பழுப்பு மெழுகு மாதிரிப் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டிக்கொள்ளும். விரல் ரேகையும் எண்ணெய்தான். நம் தோல் தானாகச் சுரக்கும் கொழுப்பும் வியர்வை உப்பும் சேர்ந்தது. இதை உலர்ந்த துணியால் தேய்த்தால் போகாது, பரவும். வெறும் தண்ணீருக்கும் முழுதாக வராது, ஏனென்றால் தண்ணீரும் எண்ணெயும் சேராது. ஒரு முனையால் எண்ணெயையும் இன்னொரு முனையால் தண்ணீரையும் பிடிக்கும் சோப்பு மூலக்கூறு வேண்டும். ஆனால் எவ்வளவு? ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. நுரை வந்தால் அதிகம் என்று அர்த்தம்.

அந்தத் தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பது இந்த ஊரில் முக்கியமான கேள்வி. காவிரித் தண்ணீர் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேலே ஏற்றப்பட்டு நகரத்துக்கு வருகிறது. அது வராத இடங்களில் போர்வெல் அல்லது டேங்கர். 2024 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது காவிரி இணைப்பு உள்ளவர்களுக்குக்கூட டேங்கர் தேவைப்பட்டது. போர்வெல் தண்ணீர் பாறைக்குள் கிடந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-ன்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதி. குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பதைப் பார்க்கிறோமே, அதே உப்பு திரையிலும் ஒவ்வொரு சொட்டு காய்ந்த இடத்திலும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதை எடுக்க மறுபடி தேய்ப்போம், மறுபடி புள்ளி வரும். இந்தச் சுற்றில்தான் பலரும் மாட்டிக்கொண்டு, கடைசியில் ஜன்னல் ஸ்ப்ரேயிடம் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

இதற்கு வழி எளிது. ஆர்.ஓ. தண்ணீர் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள். பேட்டரிக் கடை எதிலும் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. ஒரு பாட்டில் வருஷக்கணக்கில் திரை துடைக்கக் காணும். ஆனால் அதே கடையில் பேட்டரி ஆசிடும் பார்ப்பதற்கு அதே மாதிரித் தெளிவாக, அதே மாதிரிக் கேனில் இருக்கும். லேபிளைப் படித்து, சீல் உடையாத பாட்டிலாக வாங்குங்கள். வீட்டில் வேறு பாட்டிலுக்கு மாற்றி வைக்காதீர்கள்.

அப்புறம், தண்ணீர் எதுவானாலும் அது போக வேண்டிய இடம் துணி. திரை அல்ல. எங்கள் டிவிக்கு என்ன ஆனது என்று அந்த மெக்கானிக் கழற்றிக் காட்டியது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பேனலின் விளிம்பில், சட்டத்துக்குள் மறைந்து, சினிமா பிலிம் துண்டு போலச் சின்னச் சின்னப் பட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிப். திரையின் ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் எந்த நேரத்தில் எவ்வளவு மின்னழுத்தம் என்று சொல்வது அவைதான். பல டிவிகளில் இந்த வரிசை கீழ் விளிம்பில் இருக்கிறது. ஸ்ப்ரே அடித்தால் சொட்டு திரையில் வழிந்து கீழே போகும். முன்பிருந்த அகலச் சட்டமும் இப்போது இல்லை; மெலிந்த ஓரத்தில் சொட்டு நேரே உள்ளே நுழைகிறது. உள்ளே போன ஈரம் உடனே எதுவும் செய்யாமல் இருக்கலாம். டிவியைப் போட்டதும் மின்சாரமும் ஈரமும் சேர்ந்து அந்த முடியளவு கம்பிகளை அரிக்கத் தொடங்கும். ஒரு நாள் கழித்துக் கோடு, நாலு நாள் கழித்து இருட்டு. இடையில் நாளாகிவிடுவதால் துடைத்ததற்கும் கெட்டதற்கும் சம்பந்தம் இருப்பதே வீட்டுக்காரருக்குத் தோன்றாது. பெரும்பாலான வாரண்டிகளில் தண்ணீர் புகுந்த பழுது சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிவியின் மேல் சார்த்தும் ஈரப் பூச்சரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியாகத் தண்ணீர் நேரே சர்க்யூட் போர்டுக்குச் சொட்டும்.

ஒருவேளை தவறிச் சொட்டிவிட்டால், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சரியாகத்தான் இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. மேல் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு நாள் காற்றோட்டமான இடத்தில் அப்படியே விடுங்கள். முடி உலர்த்தும் டிரையரின் சூட்டைக் காட்டினால் படலத்தின் பசை இளகும்.

ஜன்னல் ஸ்ப்ரே வகைகளில் பலவற்றில் அம்மோனியா அல்லது ஆல்கஹால் இருக்கிறது. கண்ணாடிக்கு அவை ஒன்றும் செய்யாது. டிவியின் மேல் பூச்சுக்கும் அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக்குக்கும் அவை ஒத்துவராது. பளபளப்பைக் குறைக்கும் பூச்சு திட்டுத் திட்டாக வெளுக்கும்; ஒரு முறை வெளுத்தால் அதைத் திரும்ப வைக்க வழியில்லை. நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன், தின்னர், பெட்ரோல் எல்லாம் இன்னும் மோசம். பிளாஸ்டிக்கையே இளக்கி விரிசல் விழ வைக்கும். டிவி முன்னால் மாட்டும் அக்ரிலிக் பாதுகாப்புத் தகட்டுக்கும் இதே விதிதான். கீறலைப் போக்கப் பற்பசை போடும் யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. பற்பசை ஒரு மெருகுத்தூள். அது கீறலை எடுக்காது, சுற்றியுள்ள பூச்சையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிடும்.

போன் கதை கொஞ்சம் வேறு. அங்கே முன்னால் இருப்பது உண்மையான கண்ணாடி, அதுவும் பலப்படுத்தியது. உருகிய பொட்டாசியம் உப்பில் கண்ணாடியை ஊறவைப்பார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சின்ன சோடியம் அயனிகள் வெளியேறி, அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் வந்து இடித்துக்கொண்டு உட்காரும். நெரிசலான பஸ்ஸில் ஆள் விழ இடமில்லாதது போல, அந்த நெருக்கம் விரிசல் பரவாமல் தடுக்கிறது. ஆனால் அந்தக் கண்ணாடியின் மேலும் ஒரு பூச்சு உண்டு. விரல் எண்ணெய் ஒட்டாமல் இருக்க, ஃபுளோரின் கலந்த, நானோமீட்டர் கணக்கில் மெல்லிய பூச்சு. ஐபோனில் இது 2009-ல் வந்த 3ஜிஎஸ் மாடலில் அறிமுகமானது. இப்போது பெரும்பாலான போன்களில் இருக்கிறது. நான்ஸ்டிக் தோசைக்கல்லின் பூச்சுக்கு நெருங்கிய உறவு இது. அதைக் கம்பி நாரால் தேய்த்தால் என்ன ஆகும் என்று தோசை சுடுகிற எல்லாருக்கும் தெரியும். புதுப் போனில் விரல் வழுக்கிக்கொண்டு போவதும், ஒரு வருஷத்துக்குப் பிறகு விரல் இழுத்துப் பிடிப்பதும் இந்தப் பூச்சு தேய்ந்த அடையாளம்தான்.

2020-ல் கொரோனா வந்தபோது வெளியே போய் வந்ததும் கைக்கு ஒரு தரம், போனுக்கு ஒரு தரம் என்று சானிடைசர் போட்டோம். உலக சுகாதார நிறுவனம் தந்த கைச் சானிடைசர் செய்முறையில் ஆல்கஹாலோடு, கை வறளாமல் இருக்க கிளிசராலும், சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டு. கையில் இதமாக இருக்கும் கிளிசரால் திரையில் பிசுக்காகத் தங்கும். அந்த வருஷம் மார்ச்சில் ஆப்பிள் தன் வழிகாட்டலைத் திருத்தி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துடைப்புத் தாளால் போனின் மேற்பரப்பை மெதுவாகத் துடைக்கலாம் என்றது. பிளீச்சும் பெராக்சைடும் கூடாது என்றும் அதன் வழிகாட்டலில் இருக்கிறது. 99 சதவீதம் இன்னும் நல்லதுதானே என்று தோன்றலாம். கிருமிக்கு 70தான் நல்லது. கூட இருக்கும் தண்ணீர்தான் கிருமியின் புரதத்தைச் சிதைக்க உதவுகிறது, ஆல்கஹால் சட்டென்று பறந்துவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. இந்த அனுமதி போனுக்கு. இதைப் பார்த்துவிட்டு டிவியில் ஆல்கஹால் போட்டுவிடக் கூடாது. டிவியின் கையேட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மிருதுவான உலர்ந்த துணி, மிஞ்சினால் லேசான ஈரம் என்றுதான் இருக்கும்.

நம்மில் பலருடைய போன்மேல் டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருக்கும். அப்படியானால் நீங்கள் துடைப்பது போனை அல்ல, நூறு இருநூறு ரூபாய்க் கண்ணாடியை. அதற்காகப் பயந்து பயந்து துடைக்க வேண்டியதில்லை; பூச்சு போனால் மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர் புகாத போன் என்று குழாயில் காட்டிச் சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்களைப் பார்த்தால்தான் மனசு பதறுகிறது. அந்தச் சோதனைகள் புதுப் போனில், வெறும் தண்ணீரில் செய்தவை. சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். வெறும் தண்ணீர் நுழையாத இடுக்கில் சோப்புத் தண்ணீர் நுழையும். உள்ளே இருக்கும் பசையும் ரப்பரும் வருஷம் ஆக ஆகத் தளரும்.

லேப்டாப் திரையும் பெரும்பாலும் டிவி மாதிரிதான். பளபளப்பில்லாத மேட் திரை என்றால் முன்னால் படலம். அதில் கட்டம் கட்டமாக ஒரு கறை வருவதைக் கவனித்திருப்பீர்கள். மூடிய லேப்டாப் பைக்குள் நசுங்கும்போது விரல் எண்ணெய் படிந்த கீபோர்டு திரையில் பதிந்த அச்சு அது. திரையை எவ்வளவு துடைத்தாலும் மறுநாள் வரும். கீபோர்டையும் துடைத்தால்தான் நிற்கும். துடைக்கும்போது இன்னொரு கையால் மூடியின் பின்பக்கத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ், வாஷிங் மிஷின் பட்டன் பகுதிகளுக்கு இவ்வளவு கவனம் வேண்டாம். தேய்க்கும் நாரும் நேரடி ஸ்ப்ரேயும் படாமல் இருந்தால் போதும்.

இனி துணி. மைக்ரோஃபைபர் என்று எல்லாக் கடையிலும் கிடைக்கிறதே, அது எப்படி வேலை செய்கிறது? ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஓகாமோட்டோ என்ற விஞ்ஞானி 1970-ல் மிக நுண்ணிய இழைகளால் செயற்கை மெல்லிய தோல் செய்தார். அந்த நுட்பத்தின் வழியில் வந்ததுதான் இன்றைய துடைப்புத் துணி. பாலியஸ்டரையும் நைலானையும் ஒரே இழையாக நூற்று, பிறகு அந்த இழையை நீளவாக்கில் பிளக்கிறார்கள். ஆரஞ்சுப் பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்தது போல ஒவ்வொரு துண்டுக்கும் கூர் விளிம்பு வரும். பருத்தி இழை தடிமன், கூர் விளிம்பும் இல்லை. எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போகும். இது விளிம்பால் சுரண்டி எடுத்து, பிளவுக்குள் வைத்துக்கொள்ளும். அதனால்தான் அழுத்தமே தேவைப்படுவதில்லை.

மைக்ரோஃபைபர் வீட்டில் இல்லை என்றால், பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டித் துண்டு மோசமில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் கஞ்சி போட்டதாக இருக்கக் கூடாது. ஈரம் பட்டதும் கஞ்சி இளகித் திரையில் மேகம் மாதிரிப் படியும். தையலும் பொத்தானும் இல்லாத நடுப்பகுதியைக் கிழித்துக்கொள்ளுங்கள். டிஷ்யூ பேப்பரும் செய்தித்தாளும் மர நார். படலத்துக்கு அவை வேண்டாம்.

ஈரத்துணி எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்பதுதான் சொல்லில் பிடிபடாத விஷயம். நான் வைத்திருக்கும் அளவு இது: நனைத்து, இனி சொட்டே வராது என்னும்வரை பிழிந்து, கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். குளிர்ச்சி தெரிய வேண்டும். எடுத்த பின் கன்னம் நனைந்திருக்கக் கூடாது. பிறகு நேர்கோட்டில் மேலிருந்து கீழே. குழந்தை ஒட்டிவைத்த ஜாம், காய்ந்த சந்தனம் மாதிரிக் கெட்டியான கறை என்றால் நகத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஈரத்துணியை அதன்மேல் பத்து விநாடி சும்மா வைத்திருந்தால் தானே இளகி வந்துவிடும். சோப்புத் தண்ணீர் தொட்டிருந்தால், வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு முறை, கடைசியாக உலர்ந்த துணியால் ஒரு முறை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று வறண்டிருக்கும் மாதங்களில் உலர்ந்த துணியால் மட்டும் பரபரவென்று தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி, துடைத்த தூசி ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்து ஒட்டும். அந்த மாதங்களில் லேசான ஈரம் நல்லது.

துணியை மற்றத் துணிகளோடு துவைக்காதீர்கள். துண்டின் பஞ்செல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். வாசனைக்கும் மிருதுவுக்கும் போடும் திரவம் கூடவே கூடாது. அது இழையின் பிளவுகளை அடைத்து, அடுத்த முறை திரையிலும் படலமாகப் பூசிவிடும். கொஞ்சம் சோப்பில் கையால் கசக்கி, வீட்டுக்குள்ளேயே உலர்த்துங்கள். எங்கள் தெருவில் பால்கனிக் கொடியில் போட்டால் எதிர்க் கட்டடத்தின் எம்-சாண்ட் முழுக்க அதில்தான் இறங்கும்.

புது டிவி வந்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜையில் வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. திரையில் சந்தனம் வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அம்மாவின் மனசு ஒப்பவில்லை. “பொட்டை முகத்துலதானே வைப்பாங்க?” என்றார். குங்குமத்தின் சாயம் பிளாஸ்டிக்கில் இறங்கிவிட்டால் வராது, சந்தனம் காய்ந்தால் சுரண்ட வேண்டியிருக்கும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, பெரியவர்களுக்குக் காலில்தானே பூப் போட்டுக் கும்பிடுகிறோம் என்று சொல்லி, ஸ்டாண்டின் இரண்டு கால்களிலும் பொட்டு வைத்து, கதம்பத்தை ஒரு தாம்பாளத்தில் போட்டு டிவியின் முன்னால் வைத்தார். இப்போது வருஷா வருஷம் அங்கேதான் வைக்கிறார்.